ஓரங்கட்டிவிட்டால் போதுமா?

ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் இன்ஜின் திடீரென்று அணைந்துபோனால் அது தொல்லைதான், ஆபத்து ஒன்றும் இல்லை. கார் உலகத்தில் இந்தக் கருத்துக்கு ஆயுள் கெட்டி. சர்வீஸ் சென்டர் கவுன்ட்டரில் நிற்பவர் இதைச் சொல்கிறார். நிறுவனத்தின் செய்தித் தொடர்பாளர் சொல்கிறார். வழக்கு என்று வந்தால் வழக்கறிஞரும் இதையே வாதமாக வைக்கிறார். “ஸ்டியரிங் உங்கள் கையில்தானே இருக்கிறது? பிரேக்கும் பிடிக்கும். பதறாமல் ஓரங்கட்டுங்கள், சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால் ஸ்டார்ட் ஆகிவிடும்.” அமெரிக்கச் சாலைகளில் கடந்த நாற்பது ஆண்டுகளாக நடந்தவற்றை வரிசையாக எடுத்துப் பார்ப்பவர்களுக்கு இந்த ஆறுதல் செல்லாது. இதை நம்பி முடிவெடுத்த நிறுவனங்களின் வண்டிகளில் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள்.

முதலில், ஒரு மினிவேனில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர். இன்ஜின் அணைந்த கணத்தில் அந்த இன்ஜினின் பெல்ட்டால் ஓடும் பவர் ஸ்டியரிங் பம்பும் நின்றுவிடுகிறது. இரண்டு டன் எடையுள்ள வண்டியைத் திருப்பும் பாரம் முழுவதும் ஓட்டுநரின் தோளுக்கு வந்து சேர்கிறது. வேகம் குறையக் குறைய அந்தப் பாரம் கூடுகிறது. பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிட அழுத்தம் ஓரிரு முறை அழுத்துவதற்குத்தான் வரும். அதற்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். பயத்தில் பெடலை விட்டு விட்டு மிதிப்பவர் அந்த மிச்சத்தையும் இழந்துவிடுவார். இத்தனையும் நடப்பது நான்கைந்து லேன் உள்ள நெடுஞ்சாலையின் நடு லேனில் என்று வைத்துக்கொண்டால், ஓரத்தை எட்ட இரண்டு லேன் வண்டிகளுக்கு இடையே வேகம் குறைந்துகொண்டே குறுக்கே போயாக வேண்டும். பின்னால் வரும் சுமை லாரி நிற்க நூறு மீட்டருக்கும் அதிகமான தூரம் வேண்டும். முன்னால் போகும் வண்டி பிரேக் பிடிக்காமலே வேகம் இழந்தால் அதன் சிவப்பு விளக்கு எரியாது. லாரி ஓட்டுநருக்கு உடனடி எச்சரிக்கை எதுவும் கிடைக்காது.

மினிவேனுக்கென்று இன்னொரு கணக்கு உண்டு. இது குடும்பத்துக்காகச் செய்த வண்டி. மூன்றாம் வரிசை இருக்கை பின்கதவை ஒட்டி இருக்கிறது. பெரும்பாலும் அங்கே உட்காருவது பிள்ளைகள். நடுச் சாலையில் நின்றுபோன வண்டியின் மீது பின்னாலிருந்து மோதல் நடந்தால் முதல் அடி விழும் இடம் அதுதான். “ஓரங்கட்டலாமே” என்பவர்கள் ஓட்டுநரின் திறமையை மட்டும் பேசுகிறார்கள். பின்வரிசையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் ஏழு வயதுப் பிள்ளையின் உயிர் அந்தத் திறமையைப் பொறுத்து இருக்கக் கூடாது.

தொல்லைதான், ஆபத்தில்லை என்ற எண்ணம் ஒரு நிறுவனத்துக்குள் புகுந்து என்ன செய்தது என்பதற்கு ஜெனரல் மோட்டார்ஸ் எழுத்திலேயே சாட்சி வைத்திருக்கிறது. அந்த வண்டி மினிவேன் அல்ல, செவர்லே கோபால்ட் என்ற சிறிய கார். ஆனால் வாதம் அதே வாதம். சாவி போடும் இக்னிஷன் சுவிட்சில் சாவியை அதன் இடத்தில் பிடித்து வைக்கும் விசை, நிறுவனமே வகுத்த அளவைவிடக் குறைவாக இருந்தது. முழங்கால் பட்டால், சாவிக்கொத்து கனத்தால், பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் சாவி தானாகத் திரும்பி இன்ஜின் அணைந்துவிடும். கார் சந்தைக்கு வந்த காலத்திலேயே நிறுவனத்துக்கு இது தெரியும். 2005-இல் காரை ஓட்டிப் பார்த்த பத்திரிகையாளர்கள் எழுதினார்கள். இன்ஜின் நின்றாலும் காரைக் கட்டுப்படுத்த முடியும் என்று நிறுவனம் பதில் சொன்னது. அதே ஆண்டு டீலர்களுக்குப் போன தொழில்நுட்பக் குறிப்பில், ஓட்டுநர் குள்ளமாகவும் சாவிக்கொத்து கனமாகவும் இருந்தால் இது நடக்க வாய்ப்பு அதிகம் என்று எழுதியிருந்தது. உள்ளே இந்தப் பிரச்சினை ‘வாடிக்கையாளர் வசதி’ என்ற தலைப்பில் போடப்பட்டது. பாதுகாப்பு என்ற தலைப்பில் போட்டிருந்தால் அது வேறு மேசைக்கு, வேறு அவசரத்தோடு போயிருக்கும்.

வசதிப் பிரச்சினை என்று முடிவெடுத்தவர்கள் ஒன்றைக் கேட்கவே இல்லை. சாவி ஓடும் நிலையிலிருந்து துணை (ஆக்சஸரி) நிலைக்குத் திரும்பிவிட்டால் ஏர்பேக் வேலை செய்யுமா? செய்யாது. இன்ஜின் அணைகிறது, ஸ்டியரிங் கனக்கிறது, வண்டி சாலையை விட்டு இறங்கி மரத்தில் மோதுகிறது, காப்பாற்ற வேண்டிய பை விரியாமல் கிடக்கிறது. நிறுவனத்தின் பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் ‘ஏர்பேக் ஏன் விரியவில்லை’ என்ற கேள்வியை ஒரு பக்கமும் ‘இன்ஜின் ஏன் நிற்கிறது’ என்ற கேள்வியை இன்னொரு பக்கமும் வைத்துக் குழம்பினார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் விஸ்கான்சின் மாநிலப் போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர். 2006-இல் அங்கே நடந்த விபத்தில் இரண்டு இளம்பெண்கள் இறந்தார்கள். மறு ஆண்டு அவர் தந்த அறிக்கையில், மோதலின்போது சாவி துணை நிலையில் இருந்ததையும் நிறுவனத்தின் அந்த 2005 குறிப்பையும் எடுத்துக்காட்டி, ஏர்பேக் விரியாததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம் என்று எழுதினார். அந்த அறிக்கைக்குப் பிறகும் கார்களைத் திரும்பப் பெற 2014 வரை ஆனது.

அந்த ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் 26 லட்சம் கார்களைத் திரும்பப் பெற்றது. நிறுவனமே நியமித்த வழக்கறிஞர் ஆன்டன் வலூகாஸ் எழுதிய விசாரணை அறிக்கை, ஓடும்போது இன்ஜின் நிற்பதைப் பாதுகாப்புக் குறையாகக் கருதாததே தாமதத்தின் வேர் என்று காட்டியது. இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. 2015-இல் நிறுவனம் 90 கோடி டாலர் கட்டி அமெரிக்க அரசோடு குற்றவழக்கை முடித்துக்கொண்டது. சுவிட்சைச் சரிசெய்யும் உதிரிபாகத்தின் விலை 57 சென்ட் என்று நாடாளுமன்ற விசாரணையில் சொல்லப்பட்டது. அந்த 124 பேரின் குடும்பங்களிடம் போய், அது வசதிப் பிரச்சினைதான் என்று யாராவது சொல்லட்டும்.

கிறைஸ்லர் மினிவேன்களின் கதை இதற்கு மிக அருகில் வருகிறது. டவுன் அண்ட் கன்ட்ரி, டாட்ஜ் கிராண்ட் கேரவன் ஆகிய இரண்டிலும் சாதாரண சாவிக்குப் பதில் ஒரு மின்னணுச் சாவி; அதைச் செருகித் திருப்பும் துளையோடு சேர்ந்த ஓர் இக்னிஷன் மாட்யூல். வண்டி ஓடும்போதே சாவி துணை நிலைக்கு நழுவியது. இன்ஜின் போனது, ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் இருந்த துணை போனது, ஏர்பேக் விரியாமல் போகும் வாய்ப்பும் சேர்ந்தது. 2011-இல் 2010 மாடல் மினிவேன்களையும் டாட்ஜ் ஜர்னி வண்டிகளையும் நிறுவனம் திரும்பப் பெற்றது. பழைய மாடல்களை விட்டுவிட்டது. புகார்கள் நிற்கவில்லை. 2014-இல் அமெரிக்க தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் விசாரணையைத் திறந்த பிறகே, முந்தைய ஆண்டு மாடல்களையும் சேர்த்து ஏறக்குறைய 7 லட்சம் வண்டிகள் திரும்பப் பெறப்பட்டன. இதே அடித்தளத்தில் உருவாகி ஃபோக்ஸ்வேகன் பெயரில் விற்ற ரவுட்டன் மினிவேனும் அந்தக் குறையோடுதான் வீதிக்கு வந்திருந்தது. முதல் திரும்பப் பெறலுக்கும் இரண்டாவதற்கும் இடையே மூன்று ஆண்டுகள். அந்த மூன்று ஆண்டும் பழைய மாடல்களில் பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை.

அந்தக் காலத்தில் உரிமையாளர்களுக்குச் சொல்லப்பட்ட ஆலோசனை கவனிக்கத்தக்கது. சாவியோடு வேறு எதையும் மாட்டாதீர்கள். முழங்காலுக்கும் சாவிக்கும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். தற்காலிக எச்சரிக்கையாக இது பயனுள்ளதுதான். ஆனால் ‘ஓட்டுகிறவர் செய்த தப்பு’ என்ற பேச்சு பிறப்பதும் இங்கேதான். மனிதர்களுக்கு முழங்கால் உண்டு. வீட்டுச் சாவியையும் அலுவலகச் சாவியையும் ஒரே வளையத்தில் மாட்டும் பழக்கமும் உண்டு. குள்ளமானவர்கள் இருக்கையை முன்னுக்கு இழுத்துத்தான் ஓட்டுவார்கள். கார் செய்பவர்கள் இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் காரைச் செய்ய வேண்டும்.

இன்னொரு வாதம் நுட்பமானது. அதனால் அதிகம் பலிக்கிறது. “வண்டியை வைத்துப் பார்த்தோம், குறை எதுவும் தெரியவில்லை.” மின்சாரக் குறையால் இன்ஜின் நிற்கும் வண்டிகளை வைத்திருந்தவர்கள் எல்லோரும் இந்த வரியைக் கேட்டிருப்பார்கள். இதற்குப் பதில் ஃபோர்டு நிறுவனத்தின் வரலாற்றில் இருக்கிறது.

1983 முதல் 1995 வரையிலான மாடல்களில், இரண்டு கோடிக்கும் மேற்பட்ட வண்டிகளில், ஃபோர்டு டி.எஃப்.ஐ. என்ற இக்னிஷன் மாட்யூலைப் பொருத்தியது. ஏரோஸ்டார் மினிவேனிலும் அது இருந்தது. ஸ்பார்க் பிளக்குக்கு எப்போது மின்பொறி போக வேண்டும் என்று தீர்மானிக்கும் சின்னப் பெட்டி அது. சூடு தாங்காத அந்த மின்னணுப் பாகத்தை, அந்த மாடல்களில் இன்ஜினிலேயே இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மேல் பொருத்தினார்கள். இன்ஜின் கொதித்தால் மாட்யூலும் கொதிக்கும். கொதித்தால் மின்பொறி நிற்கும், வண்டி நிற்கும். ஓரத்தில் அரை மணி நேரம் நின்றால் மாட்யூல் ஆறிவிடும். சாவியைப் போட்டதும் ஒன்றுமே நடக்காததுபோல வண்டி ஸ்டார்ட் ஆகும். டோ செய்து கொண்டுபோன வண்டி மெக்கானிக் முன்னால் சமர்த்தாக ஓடும். சூட்டில் மட்டும் வரும் குறையை ஆறிய வண்டியில் தேடினால் எங்கே கிடைக்கும்? காய்ச்சல் இறங்கிய பிறகு தெர்மாமீட்டர் வைத்து, நோயே இல்லை என்று சீட்டு எழுதுவது போன்றது அது. பல உரிமையாளர்கள் பெட்ரோல் பம்ப்பையும் கார்புரேட்டரையும் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றினார்கள். குறை இருந்த இடம் வேறு.

பாதுகாப்பு நிர்வாகம் 1980-களில் ஃபோர்டு வண்டிகள் நின்றுபோவது பற்றிப் பலமுறை விசாரித்தது. மாட்யூலின் மேல் கை வைக்கவில்லை. வேறு வழியில்லாமல் கலிஃபோர்னியா உரிமையாளர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஃபோர்டின் வாதம் எதிர்பார்த்ததுதான்: வண்டி நிற்கப் பல காரணங்கள் உண்டு, பெட்ரோல் தீர்ந்தாலும் நிற்கும், எங்கள் வண்டிகள் மற்றவற்றைவிட ஆபத்தானவை அல்ல. அலமேடா கவுன்ட்டி நீதிபதி மைக்கேல் பலாச்சி இதை ஏற்கவில்லை. மாட்யூலை வைத்த இடம் தவறு என்று ஃபோர்டுக்குத் தெரியும், தெரிந்ததை அரசிடமிருந்தும் வாடிக்கையாளர்களிடமிருந்தும் மறைத்தது என்று முடிவுக்கு வந்தார். 2000-ஆம் ஆண்டு, கலிஃபோர்னியாவில் ஏறக்குறைய 17 லட்சம் வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிட்டார். அமெரிக்காவில் நீதிபதி ஒருவர் இப்படி உத்தரவிட்டது அதுவே முதல் முறை என்று அப்போது செய்திகள் வந்தன. மறு ஆண்டு ஃபோர்டு சமரசத்துக்கு வந்து, மாட்யூல் மாற்றியவர்களுக்குப் பணம் திருப்பித் தர ஒப்புக்கொண்டது.

அந்தத் தீர்ப்பு வந்தபோது முதல் வண்டிகளுக்கு வயது பதினேழு. இலவசமாகச் சரிசெய்து தரும் கடமை அப்போதைய கூட்டாட்சிச் சட்டப்படி எட்டு ஆண்டுகளுக்குத்தான். குறையை ஒத்திப்போட்டால் கடமை காலாவதியாகிவிடும் என்ற நிலை அது. அந்தக் காலவரை பிறகு பத்தாகவும், 2015-இல் பதினைந்தாகவும் உயர்ந்தது.

“விபத்துக் கணக்கு எங்கே? எத்தனை பேர் செத்தார்கள்?” என்பது அடுத்த கேள்வி. மறுப்பாளர்களின் கடைசிக் கோட்டை இது. நடுச் சாலையில் வண்டி நின்று பின்னால் லாரி மோதினால், போலீஸ் படிவத்தில் ‘பின்புற மோதல்’ என்று எழுதப்படும். சாலையை விட்டு இறங்கி மரத்தில் மோதினால் ‘கட்டுப்பாட்டை இழந்தார்’ என்று எழுதப்படும். இன்ஜின் முதலில் அணைந்ததா என்று சொல்ல வேண்டியவர் இறந்திருக்கலாம், வண்டி நொறுங்கியிருக்கும். விஸ்கான்சின் போலீஸ்காரரைப் போன்ற ஒருவர் அமையாவிட்டால் காரணம் ஓட்டுநரின் பெயரிலேயே பதிவாகிவிடும். காரணத்தைப் பதிவு செய்ய இடமே இல்லாத கணக்கேட்டைக் காட்டி, காரணம் இல்லை என்று வாதாடுவது எப்படி நேர்மையாகும்?

அமெரிக்கச் சட்டமே பிணங்களை எண்ணிக்கொண்டு காத்திருக்கச் சொல்லவில்லை. 1959, 1960 மாடல் கேடிலாக் கார்களில் ஸ்டியரிங்கின் ஓர் இணைப்புத் தண்டு உடைந்துபோனது. பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போதுதான் உடைகிறது, பெரிய காயங்கள் இல்லை என்று ஜெனரல் மோட்டார்ஸ் வாதிட்டது. ஓட்டுநர் ஸ்டியரிங்கை இழக்கும் குறை என்றால் அதுவே நியாயமற்ற ஆபத்து, காயங்களின் எண்ணிக்கையைப் பார்க்கத் தேவையில்லை என்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1977-இல் சொல்லிவிட்டது. நெடுஞ்சாலையில் இன்ஜினை இழப்பதற்கும் அதே தர்க்கம் பொருந்த வேண்டும்.

பொருந்தவில்லை என்பதற்குக் கிறைஸ்லரின் இன்னொரு பாகம் உதாரணம். இன்ஜின் பகுதியில் ஃபியூஸ்களையும் ரிலேக்களையும் ஒரே பெட்டியில் அடைத்து, வண்டியின் மின்சாரம் முழுவதையும் பங்கிடும் டி.ஐ.பி.எம். என்ற மாட்யூல். ஜீப் கிராண்ட் செரோக்கி, டாட்ஜ் டுராங்கோ வண்டிகளில் அதனுள் சால்டர் செய்த ஃபியூவல் பம்ப் ரிலே சூட்டில் கெட்டு, ஓடும் வண்டி அணைந்தது. 2014, 2015-இல் திரும்பப் பெற்று, அந்த ரிலேயைப் பெட்டிக்கு வெளியே புதிதாகப் பொருத்தினார்கள். மினிவேன் வைத்திருந்தவர்களும் அதே மாட்யூலைப் பற்றிப் புகார் செய்தார்கள்: ஸ்டார்ட் ஆகவில்லை, ஓடும்போது நிற்கிறது, வைப்பர் தானாக ஓடுகிறது, ஹாரன் தானாக அலறுகிறது. வாகனப் பாதுகாப்புக்காகப் போராடும் ‘சென்டர் ஃபார் ஆட்டோ சேஃப்டி’ அமைப்பு எல்லா மாடல்களையும் விசாரிக்கச் சொல்லி 2014-இல் மனுக் கொடுத்தது. 2015-இல் பாதுகாப்பு நிர்வாகம் மனுவை நிராகரித்தது. வண்டி அணையும் குறையை ஏற்கெனவே நடந்த திரும்பப் பெறல்கள் கவனித்துவிட்டன, மற்றவற்றுக்குச் சான்று போதவில்லை என்றது. ஒரு புகார்தாரரிடம் சான்று போதாமல் இருக்கலாம். ஆனால் சான்று தேடிக் கண்டுபிடிக்கும் அதிகாரமும் ஆய்வுக்கூடமும் அரசிடம்தான் இருக்கின்றன. சம்பளத்திலிருந்து மாதத் தவணை கட்டி வண்டி வாங்கியவர் மாட்யூலைப் பிரித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டா வர முடியும்?

எதிர்த் தரப்பில் உண்மையே இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. இன்ஜின் நின்ற வண்டிகளில் பெரும்பாலானவை பத்திரமாக ஓரம் சேர்ந்திருக்கின்றன. எந்த இயந்திரமும் ஒருநாள் நிற்கும். ஒவ்வொரு முறை நிற்பதற்கும் லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்பப் பெற முடியாது. இங்கே வேறுபாடு ஒன்று இருக்கிறது. பெட்ரோல் தீர்வதற்கு முன் முள் காட்டும், விளக்கு எரியும். தேய்ந்த இன்ஜின் முன்கூட்டியே இருமும். ஒரே வடிவமைப்பில், ஒரே இடத்தில், ஒரே சூட்டில், ஒரே விதமாக, முன்னறிவிப்பு இல்லாமல் அணைவது வடிவமைப்பின் குறை. அதைத் தேய்மானத்தோடு சேர்த்துப் பேசக் கூடாது.

இந்தியாவில் இந்த விவாதம் வெளிநாட்டுச் செய்தியாக நிற்கவில்லை. 2020-இல் மாருதி சுசூகி 1,34,885 வேகன்ஆர், பலேனோ கார்களையும், 2021-இல் ஹோண்டா 77,954 கார்களையும் ஃபியூவல் பம்ப் குறைக்காகத் திரும்பப் பெற்றன. ஹோண்டாவின் அறிவிப்பிலேயே இன்ஜின் நின்றுபோகலாம் என்ற எச்சரிக்கை இருந்தது. இவை நிறுவனங்கள் தாமாகச் செய்தவை. தாமாகச் செய்யாவிட்டால்? 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு அரசுக்கு உத்தரவிடும் அதிகாரத்தைத் தருகிறது. 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளோ புகார்களின் எண்ணிக்கையை வாசலில் நிறுத்துகின்றன. ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் விற்கும் கார் என்றால் 1,250 புகார்கள் வேண்டும். சீட் கவரின் நிறம் மங்கினால் இந்த எண்ணிக்கை நியாயம். நெடுஞ்சாலையில் இன்ஜின் அணையும் குறைக்கு, ஆயிரத்து இருநூற்று ஐம்பதாவது குடும்பம் புகார் எழுதும்வரை காத்திருக்கச் சொல்வது, அமெரிக்கா கைவிட வேண்டியிருந்த தவற்றைப் புதிதாகச் சட்டத்தில் எழுதிக்கொள்வதாகும். இன்ஜின், ஸ்டியரிங், பிரேக் இவற்றை ஓட்டத்தில் இழக்கச் செய்யும் குறைகளுக்கு இந்த எண்ணிக்கை வரம்பை நீக்க வேண்டும்.

அதுவரை, எண்ணிக்கைதான் பேசும் என்றால் எண்ணிக்கையைக் கொடுக்க வேண்டும். ஓடும்போது வண்டி அணைந்தவர்கள் சர்வீஸ் சென்டரில் வாயால் சொல்லிவிட்டு வந்தால் அது எந்தக் கணக்கிலும் ஏறாது. நாள், நேரம், வேகம், சூடு, எவ்வளவு நேரம் கழித்துத் திரும்ப ஸ்டார்ட் ஆனது என்பதை ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, நகல் வாங்கிக்கொள்ளுங்கள். ‘குறை தெரியவில்லை’ என்று அவர்கள் முடித்தால் அதையும் எழுத்தில் கேளுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் பரிவாகன் தளத்தின் திரும்பப் பெறல் பகுதியிலும், அமெரிக்காவில் இருப்பவர்கள் பாதுகாப்பு நிர்வாகத்திடமும், கனடாவில் இருப்பவர்கள் டிரான்ஸ்போர்ட் கனடாவிடமும் புகாரைப் பதியுங்கள். வண்டி ஓரம் சேர்ந்துவிட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.